சாயக்காரர் வீட்டு ஓப்பல்

என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அன்றைக்கு என்ன நிறம் போட்டார் என்று ஆரணியில் யாரும் அவரைக் கேட்க வேண்டியதில்லை, நகத்தைப் பார்த்தால் போதும். எங்கள் கல்யாணப் படங்களில் மாலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவருடைய விரல்கள் கிளிப்பச்சை. என் பக்கத்து உறவினர்கள் அதை மருதாணியில் ஏதோ புது ரகம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. சாயத்தின் வாய்பாடு எனக்குத் தெரியும், சாயம் போட அவருக்குத் தெரியும். இதில் எது உசத்தி என்ற பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

எந்த நிறத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் அதை நூலில் ஏற்றிவிடுவேன் என்பதுதான் அவருடைய ஒரே பெருமை. மாம்பழத் தோல், பஸ் டிக்கெட், குழந்தையின் சொக்காய் என்று எதை எதையோ கொண்டுவருவார்கள். ஒருவர் தன் வீட்டு வாசற்கதவின் பெயிண்ட்டைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்தார். எல்லாருக்கும் அவரவர் நிறம் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அம்மா வரும்வரை.

அந்த அம்மா பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆரணியில்தான். கல்யாணமாகி அந்தத் தேசத்துக்குப் போய்ப் பல வருஷமாகியிருந்தது. மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவருக்குக் கடைகளில் இருந்த எதுவும் பிடிக்கவில்லை. அலுத்துப்போன புடவை வியாபாரி அவரை நேராக எங்கள் சாயப்பட்டறைக்கே அனுப்பிவிட்டார். வந்தவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, அதிலிருந்த பதக்கத்தை என் கணவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு இந்தக் கலர்ல வேணுங்க."

அதில் பதித்திருந்ததுதான் நாங்கள் பார்த்த முதல் ஓப்பல் கல். புளியங்கொட்டை அளவு. அவர் அதைப் பார்த்தார். பச்சையாக இருந்தது. கையைக் கொஞ்சம் சாய்த்தார். நீலமானது. இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு ஓடிவந்து நின்றது.

"எந்தக் கலர்ங்க?"

"இதே கலர்தான்."

"இதுல எல்லாக் கலரும் கீதுங்களே."

"அதான் வேணும்," என்றார் அந்த அம்மா.

மாதிரிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிப் பதக்கத்தை விட்டுவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க என் கணவர் அதை வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், தொட்டித் தண்ணீருக்கு மேலே பிடித்துப் பார்த்தார். அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டு என்ன நிறம் தெரிகிறது என்று கேட்பார். நான் நீலம் என்பேன். அவர் நின்ற இடத்திலிருந்து அது ஆரஞ்சு. இருவர் சொல்வதும் சரியாக இருந்து, இருவரும் சண்டை போட்டது எங்கள் இல்லறத்தில் அந்த ஒரு வாரம்தான். மற்ற வாரங்களில் ஒருவராவது தப்பாக இருப்போம்.

கடைசியில் நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவுக்கு மயில்பச்சையும் குறுக்கே ஓடும் ஊடைக்குச் செம்பு நிறமும் போட்டார். ஊடை நூலையே இடையிடையே கட்டி, கட்டாத இடங்களில் நீலமும் ஏற்றினார். நெய்து வந்த புடவையைத் தெருவே வந்து பார்த்தது. அந்த அம்மாவும் பார்த்தார், விரலால் தடவினார்.

"ரொம்ப நல்லா கீதுங்க. ஆனா இது இல்ல."

புடவையை வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனாலும் என் கணவர் வாழ்க்கையில் 'இது இல்ல' என்று ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. ரொம்ப நாளைக்கு, சம்பந்தமே இல்லாத நேரத்தில், "இன்னா இல்லயாம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அந்த அம்மா ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் கற்கள்.

"அன்னிக்கி அவ்ளோ ஆசையா பாத்துகினு இருந்தீங்களே. இது அறுக்காத கல்லு. அங்க சந்தையில பாட்டில் பாட்டிலா விக்கறாங்க. கழுவித் தேய்ச்சுப் பாருங்க. ஒங்களுக்குப் பொழுது போவும்."

பொழுது போவது எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. அந்தப் பாட்டில் வந்த பிறகுதான் பொழுது பத்தாமல் போயிற்று.

என் மாமியார் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா ஊறுகா இது? எத்தினி நாளு ஊறணும்?" என்றார். அவர்மேல் தப்பில்லை. கற்கள் பார்ப்பதற்குக் களிமண் ஒட்டிய உடைந்த பீங்கான் மாதிரிதான் இருந்தன. சிலது வெள்ளை, சிலது சாம்பல், சிலது மங்கலான மஞ்சள். இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கீறல் தெரிந்தது. நான் ஆசிரியை என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

"இது வெறும் மணலும் தண்ணியும்தாங்க. சிலிக்கா. அதுக்குள்ளயே கொஞ்சம் தண்ணி மாட்டிகினு கீது, அவ்ளோதான்."

"நீ மட்டும் இன்னாவாம்? சதையும் தண்ணியும்தான? அதுக்காக ஒன்ன வேணாம்னு சொல்லிட்டனா?"

கூடவே அந்த அம்மா ஓர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து நகல் எடுத்த சில பக்கங்களையும் கொடுத்திருந்தார். அறுக்காத கல்லை எப்படிக் கழுவுவது, எப்படி அறுப்பது, எப்படி மெருகேற்றுவது என்று அதில் இருந்தது. தேர்வுத்தாள் திருத்தி முடித்துவிட்டுப் படித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. கச்சாப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்து அதை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். அவருக்குத் தெரிந்த சுத்தம் அது ஒன்றுதான். களிமண் ஒட்டியிருந்த கற்களில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி, சோப்புத் தண்ணீரில் போட்டு, அடுப்பில் வைத்தார்.

நான் கூடத்தில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பாத்திரத்துக்குள் கல் நாலு துண்டாகக் கிடந்தது. உடைந்த இடத்தில் அப்படி ஒரு நீலம் இருந்தது. நான் பேனாவை வைத்துவிட்டு அந்தப் பக்கங்களை எடுத்தேன். முதல் பக்கத்தின் முதல் வரி, 'ஓப்பலுக்குச் சூடு ஆகாது' என்றது. அவருக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் நிறத்தைக் கொதிக்கவைத்தே பிழைத்தவர். கொதித்தால் செத்துப்போகிற ஒரு நிறம் இருக்கிறது என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டானது. நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவர் செய்வார். வெயில் நாளில் அவருக்குச் சாயவேலை இருக்கும். மழை பிடித்துக்கொண்டால் நூல் காயாது, பட்டறைக்கு விடுமுறை. ஆகவே ஐப்பசியும் கார்த்திகையும் கல்லுக்கு என்று ஆனது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் கோணி ஊசியாலும் இண்டு இடுக்கில் இருந்த களிமண்ணை எடுத்தார். நிறமில்லாத ஓரங்களை மாமியாரின் பாக்குவெட்டியால் நறுக்கினார். பிறகு, நிறமுள்ள கல், நிறமில்லாத கல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்றது புத்தகப் பக்கம். அதற்கு நல்ல வெயில் வேண்டும். வெயில் அடித்தால் அவர் சாயப்பட்டறையில் இருப்பார். மழை பெய்தால் கல்லும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து வெயிலுக்காகக் காத்திருப்பார். குண்டு பல்பு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

"முதலில் மதிப்பில்லாத கல்லில் பழகிக்கொள்ளவும்னு போட்ருக்குதுங்க," என்று ஒருநாள் படித்தேன்.

"எது மதிப்பில்லாததுன்னு போட்டுக்கீதா?"

"அத்த போடல."

"அப்ப இன்னாத்துக்கு எழுதினாங்க?"

நெசவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றும் மெஷினில் இருந்த சின்ன மோட்டாரைக் கழற்றி, அதில் கத்தி சாணை பிடிக்கிற வட்டக்கல்லைப் பூட்டினார். ஓப்பலை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அரக்கை உருக்கி ஒட்டலாம் என்றிருந்தது. உருக்குவது என்றதுமே அவர் பயந்துபோய்ப் பசையை வாங்கிவந்தார். முதல் கல்லைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினார். எதிர்ச் சுவரில் வெள்ளைச் சேறு கோலம் போட்டது. எடுத்துப் பார்த்தால் கல்லில் பாதி இல்லை.

"செவப்பு எங்கங்க? நேத்து காட்டினீங்களே?" என்றேன்.

அவர் நிதானமாகத் திரும்பி, "செவுத்துல கீது," என்றார்.

கல்தூள் நெஞ்சுக்குள் போனால் நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே சாயப்பொடியைச் சுவாசித்துக்கொண்டிருக்கிற மனிதர். வாயில் ஈரத்துணி கட்டாமல், கல்மேல் தண்ணீர் சொட்டாமல் வேலை செய்யக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தண்ணீர் சொட்டுவதற்காக மருந்துக்கடையில் குளுக்கோஸ் பாட்டிலும் ட்யூபும் வாங்கிவந்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். மூன்றாம் வீட்டு அம்மா தெருவிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, என் மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று முடிவுகட்டிச் சாத்துக்குடியோடு வந்துவிட்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு வீட்டார் வந்தார்கள். என் மாமியார் எதையும் மறுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சாத்துக்குடியை உரித்துக்கொண்டே, "இப்ப ரவ தேவலாம்மா," என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினார்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் கல்லையும் சக்கரத்தையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சாயக்காரர் வைரம் அறுக்கிறார் என்ற சேதி ஆரணியைத் தாண்டித் தேவிகாபுரம் வரை போய்விட்டது. அங்கே பக்கத்தில் வேர்க்கடலை பயிரிடுகிற பெரியப்பா மகன் ஒருவர் என் கணவருக்கு உண்டு. அண்ணன் முறை. யூரியா மூட்டைச் சாக்கில் பாதி கல்லை நிரப்பிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"நம்ப கெணத்த ஆழம் வெட்டும்போது வந்துச்சி. வெள்ளையா கீது. ஒங்க கல்லுதானான்னு பாரு."

சாக்கைக் கவிழ்த்தார். வெங்கச்சாங்கல், பாடப்புத்தகத்தில் குவார்ட்ஸ். இந்தப் பக்கத்தில் எந்த நிலத்தைக் கிளறினாலும் கிடைப்பது. நான் ஒன்றை எடுத்து எங்கள் ஓப்பல் சில்லு ஒன்றின்மேல் அழுத்தி உரசிக் காட்டினேன். ஓப்பலில் கோடு விழுந்தது. இரண்டும் ஒரே கல் இல்லை, இது அதைவிடக் கடினமான வேறு கல் என்று நிரூபித்துவிட்ட திருப்தி எனக்கு.

அண்ணனுக்கு என்னைவிடத் திருப்தி. "பாத்தியா! நம்ப ஊரு கல்லுதான் கெட்டி!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலத்தை வந்து பார்க்கச் சொன்னார். போனோம். கிணற்று மண்மேட்டில் மூவரும் குனிந்து பொறுக்கினோம். உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணைக் காட்டியும், என் கணவர் ஒவ்வொரு கல்லையும் எச்சில் தொட்டுத் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சொல்ற?" என்றார் அண்ணன்.

"இப்பவே சொல்ல முடியாதுண்ணா. கொஞ்சம் ஊறட்டும்."

திரும்பும் பஸ்ஸில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "எல்லாம் வெங்கச்சாங்கல்லுன்னு ஒங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"அவரு மூஞ்ச பாத்தியா நீ? எனக்கு ஒருத்தங்க 'இது இல்ல'ன்னு சொன்னாங்க. எப்பிடி இருந்துச்சின்னு எனக்குத்தான் தெரியும்."

கல் ஊறிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயம் ஒரு தரகர் அண்ணனின் நிலத்தை மனை போடுவதற்காகக் கேட்டு நடையாய் நடந்தாராம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று அண்ணன் மட்டும் மறுத்துவிட்டார். சில வருஷத்தில் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. கொடுத்தவர்கள் வயிறெரிந்தார்கள். அவர் இன்னமும் அதில் வேர்க்கடலைதான் போடுகிறார். ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். "அன்னிக்கி நீ பாத்து சொன்னதாலதான்டா," என்பார். என் கணவர் எதையுமே சொல்லவில்லை என்பதை நான் இதுவரை எடுத்துச் சொன்னதில்லை. கடலை நன்றாக இருக்கும்.

இதற்கிடையில் எங்கள் பாட்டில் காலியாகிக்கொண்டு வந்தது. ஒன்று சக்கரத்தில் கரைந்தது, ஒன்று பாக்குவெட்டியில் தெறித்துக் கூரை ஓட்டின்மேல் போனது. மெருகேறும் நேரத்தில் நடுவில் விரிசல் விட்டது இன்னொன்று. மிச்சம் இருந்தவற்றை அவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினார். தண்ணீர் வற்றக் கூடாது, கல் காய்ந்துவிடக் கூடாது. பெரணமல்லூரில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனபோது, பாட்டிலில் தண்ணீர் குறைந்தால் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் என் காதோரம் குனிந்து, "ஊத்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்த ஆஸ்திரேலியா அம்மா மறுபடி வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார்.

"ஏங்க, இன்னுமா தண்ணியில வெச்சிகினு இருக்கீங்க?"

"காயக் கூடாது இல்லீங்களா?"

"ஐயோ, இந்தக் கல்லுக்கு அதெல்லாம் வேணாங்க. ஈரமா இருந்தா கலர் நல்லா தெரியும்னு விக்கறவங்க ஊத்தி வெக்கறது அது."

என் கணவர் அந்த அம்மாவுக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மா போனதும் பாட்டிலைக் கவிழ்த்து, கற்களை ஒரு துண்டில் கொட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஈரம் போனதும் பாதிக் கற்களில் நிறமே இல்லை, மீதியில் மங்கிப்போயிருந்தது. இத்தனை வருஷம் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு கல், துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது, காய்ந்த பிறகும் ஓரத்தில் ஒரு பச்சையை விடாமல் வைத்திருந்தது. மற்றவை மறுபடி பாட்டிலுக்குள் போயின.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த ஒரு கல்தான். மோட்டார் வேண்டாம் என்றுவிட்டார். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று தீர்மானிக்கவே பல நாள் எடுத்துக்கொண்டார். குச்சியில் ஒட்டி, என்னுடைய எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் எமரித் தாளைப் போட்டுக் கையாலேயே தேய்த்தார். சொரசொரப்பான தாள், பிறகு அதைவிட மெல்லியது, பிறகு காகிதமா துணியா என்று தெரியாத அளவுக்கு மெல்லியது. மெருகேற்றுவதற்கு வேலூரில் மூக்குக்கண்ணாடி தேய்க்கிறவரிடம் இளஞ்சிவப்பாக ஒரு பொடி வாங்கிவந்தார். அதைத் தோல்மேல் ஈரமாகத் தடவி அதில் தேய்க்க வேண்டும் என்று படித்துச் சொன்னது நான்தான். எந்தத் தோல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும்போது என்னுடைய புதுச் செருப்பில் ஒன்றுக்கு மேல்வார் இல்லை.

செருப்பு விஷயமாக நாங்கள் பேசாமல் இருந்த நாட்களில் ஒருநாள், "இங்க வாயேன்," என்று கூப்பிட்டார். திருத்திய தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிடுசிடுப்போடு போனேன். கல்லைக் குச்சியிலிருந்து எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் லேசாகக் கோணல். நான் கையை அசைத்தேன். பச்சை எழுந்து வந்தது, அதன் ஓரத்தில் ஒரு செம்பொன் நிறம் பற்றிக்கொண்டது, அது மறைவதற்குள் நீலம். சிலிக்கா, தண்ணீர் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை.

"இன்னா கலர்னு சொல்லு," என்றார்.

"தெரியலீங்க."

"எனக்கும் தெரியல," என்று சிரித்தார். அந்தத் தோல்விக்காக அவர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன். அதற்கப்புறம் 'இன்னா இல்லயாம்' என்ற புலம்பலை நான் கேட்கவில்லை.

எனக்கு மோதிரமாகக் கட்டித் தரச் சொல்லி நகை வேலை செய்பவரிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு வரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தார். நெருப்பு காட்டக் கூடாது, சூடு படக் கூடாது, ஊதுகுழலைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த மனிதர், "நெருப்பில்லாம நக செய்யணும்னா நீங்களே செஞ்சிக்கோங்க, என்ன பேஜார் பண்ணாதீங்க," என்று எழுந்துவிட்டார். பிறகு சமாதானமாகி, மோதிரத்தை முழுசாகச் செய்து ஆறவைத்து, கடைசியில் கல்லை வைத்து ஓரத்தை அழுத்திக் கொடுத்தார்.

மோதிரம் என் விரலுக்கு வந்த அன்று மாலையே சட்டங்களும் வந்தன. வெந்நீரில் கைவைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் ஆகாது. சாம்பலும் தேங்காய் நாரும் கல்லைக் கீறிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொடக் கூடாது.

"அப்ப பாத்திரம் கழுவறது எப்பிடிங்க?" என்று கேட்டேன். சந்தேகம் கேட்பது போலத்தான். கழற்றி வைத்துவிட்டுக் கழுவலாம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதை அவர் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கொஞ்சம் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். தொட்டி தொட்டியாக நூல் அலசிப் பழகிய கை, பாத்திரம் நன்றாகவே கழுவியது. பகலில் பள்ளிக்குப் போகும்போது மோதிரத்தைப் பீரோவில் வைத்துவிடுவேன். ராத்திரிச் சமையல் முடிகிற நேரத்துக்குத் தவறாமல் எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

காலைப் பாத்திரங்கள் என் மாமியாரின் பொறுப்பு. இதையெல்லாம் அவர் வாரக்கணக்கில் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் கொல்லையில் இட்லிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை எடுத்து மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று தயாரானேன்.

"ஏம்மா," என்றார் மெதுவாக, "பாட்டில்ல இன்னும் ரெண்டு மூணு கல்லு கீது இல்ல? எனக்கும் ஒண்ணு தேய்ச்சுத் தரச் சொல்லேன்."